நாயைக் கண்டால் கயிற்றைக் காணோம்

முதல் நாள் எடுத்த படங்களை அன்று ராத்திரியே மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் படங்கள். அதில் எண்ணூறுக்கு மேல் நாய்களின் பின்புறம்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிரீன்லாந்தில் நாய் வண்டியில் உட்கார்ந்து போகிறவனுக்குக் கண்ணுக்கு நேரே கிடைக்கிற காட்சி அது ஒன்றுதான்: விசிறி மாதிரி விரிந்து ஓடும் பதின்மூன்று நாய்கள், பதின்மூன்று வால்கள், அதற்கு அப்பால் வெள்ளை. வாசனையும் சேர்த்துத்தான். இந்த நாய்கள் ஓடிக்கொண்டே மலம் கழிக்கும். நின்றால் மற்றவை இழுத்துக்கொண்டு போய்விடும், பின்னால் வண்டி வேறு வருகிறது, அதனால் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் துள்ளித் துள்ளிப் போகிற போக்கில் காரியத்தை முடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலப் பழைய வேகத்துக்கு வந்துவிடும். எதிர்க்காற்று நம் முகத்துக்கு நேராக வீசும். பயணக் கட்டுரைகளில் யாரும் இதை எழுதி நான் பார்த்ததில்லை.

நான் போனது இலுலிசாட். கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டரில் இருக்கிற ஊர். ஐயாயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள். ஊர்ப் பெயருக்கே 'பனிப்பாறைகள்' என்றுதான் பொருள், ஏனென்றால் செர்மெக் குயாலெக் என்ற பனியாற்றிலிருந்து உடைந்து விழுகிற மலைகள் பக்கத்தில் நிலத்துக்குள் நீண்டு கிடக்கிற ஃபியோர்டு என்ற குறுகிய கடல்கழி வழியாகத்தான் கடலுக்கு வருகின்றன. 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வருகிறவர்கள் எல்லாரும் கேமராவை அந்தப் பக்கம்தான் திருப்புகிறார்கள். எனக்கு நாய்தான் வேண்டியிருந்தது. மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம். நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரி நடுவில் திரும்பி வந்து, மார்ச்சில் பகலும் இரவும் சமமாகிவிடும். பனி இறுகியிருக்கும். வெளிச்சம் நாள் முழுக்கச் சாய்வாகவே விழும், நிழல்கள் நீலமாக நீண்டு கிடக்கும்.

போகும்போது மனசுக்குள் ஒரு படத்தை ஏற்கனவே எடுத்து வைத்திருந்தேன். நீலக் கண், மூக்கில் பனித்துகள், பின்னணி மங்கல். எல்லாரும் எடுத்த படம்தான், நானும் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை. அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இந்த நாய்களுக்குக் கண் பழுப்பு. நீலக் கண் சைபீரியன் ஹஸ்கியின் சமாச்சாரம். இவை ஹஸ்கி இல்லை. உள்ளூர் மொழியில் கிம்மெக், பன்மையில் கிம்மித். ஹஸ்கி என்று சொன்னால் அங்கே திருத்திவிடுவார்கள், கொஞ்சம் முகமும் சுருங்கும்.

அவர்கள் அப்படிச் சுருங்குவதற்கு நியாயம் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே மேற்குக் கரையிலும், கிழக்குக் கிரீன்லாந்து முழுவதிலும், இந்த இனத்தைத் தவிர வேறு எந்த நாயும் இருக்கக் கூடாது என்று சட்டம். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் குட்டி நாய்கூடக் கூடாது. எல்லையைத் தாண்டி வெளியே போன கிம்மெக் திரும்பவும் உள்ளே வர முடியாது. தலைநகர் நூக் வட்டத்துக்குத் தெற்கே இருப்பதால் அங்கே இவற்றைப் பார்க்கவே முடியாது. இவ்வளவு கெடுபிடியாகக் காப்பாற்றியதால்தான் இனம் கலக்காமல் நின்றிருக்கிறது. சைபீரியாவுக்கு வடக்கே ஜோகோவ் என்ற தீவில் கிடைத்த 9,500 ஆண்டுப் பழைய நாய் எலும்பின் மரபணுவை 2020-இல் ஆராய்ந்து பார்த்தபோது, இன்றைய நாய்களில் இந்தக் கிரீன்லாந்து வண்டி நாய்களோடுதான் அதற்கு நெருங்கிய உறவு தெரிந்தது. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அலாஸ்கா பக்கமிருந்து கிழக்கே பரவி வந்த, ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட்டுகளின் முன்னோர் கூட்டிக்கொண்டு வந்தவற்றின் வாரிசுகள் இவை.

சரி, வரலாறு இருக்கட்டும். நாய்கள் இருக்கிற இடத்துக்கு வருகிறேன்.

ஊரின் ஓரத்தில், வீடுகள் முடிகிற சரிவில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். பாறையில் அடித்த வளையம், அதிலிருந்து சங்கிலி, சங்கிலியின் நுனியில் நாய். சங்கிலி எட்டுகிற தூரம் வரை பனி மிதிபட்டு வட்ட வட்டமாகப் பழுப்பேறியிருக்கும், மேலே ஏறி நின்று பார்த்தால் யாரோ காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அந்த வட்டத்துக்குள் கால் வைக்காதே என்று. இவை வீட்டுச் செல்லங்கள் இல்லை. தடவிக் கொடுக்கலாம் என்று கை நீட்டினால் கை நம்முடையதாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சில மாதக் குட்டிகள் மட்டும் சங்கிலி இல்லாமல் ஊர் சுற்றுகின்றன. நான் வட்டத்தின் விளிம்புக்கு வெளியே குப்புறப் படுத்து ஒரு பெரிய கறுப்பு நாயைக் குறிபார்த்துக்கொண்டிருக்க, இரண்டு குட்டிகள் வந்து என் பூட்ஸ் கயிற்றை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அதுதான் பாலபாடம் போலிருக்கிறது.

மாலையில் ஒன்று ஊளையிடும். எங்கிருந்து என்று தெரியாது. அடுத்தது எடுக்கும், அதற்கடுத்தது, ஒரு நிமிடத்துக்குள் ஊரின் மூன்று பக்கமும் நூற்றுக்கணக்கான தொண்டைகள். பிறகு ஒரே வெட்டாக நிற்கும். அதைப் படம் எடுக்க முடியாது. எடுத்துப் பார்த்தேன், வானத்தைப் பார்த்து வாயைத் திறந்திருக்கிற நாய் வந்தது. கொட்டாவி விடுகிற மாதிரி இருந்தது.

வண்டி கட்டுகிற நேரம்தான் பார்க்க வேண்டியது. ஓட்டி ஒரு கையில் வாரை எடுத்தார் என்றால் போதும், அதுவரை வாலால் மூக்கை மூடிக்கொண்டு சுருண்டு பனியோடு பனியாகக் கிடந்தவை எல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி எழுந்து குதிக்கும். என்னைக் கூட்டிப் போ, என்னைக் கூட்டிப் போ என்று அந்தச் சத்தத்துக்கு வேறு மொழிபெயர்ப்பே கிடையாது. எங்கள் ஓட்டிக்கு அறுபதை ஒட்டிய வயது, டேனிஷும் கிரீன்லாந்து மொழியும்தான் பேச்சு, அவருடைய மகள் எங்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் பாலம். அந்தப் பெண் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம், "அப்பா கையசைத்ததும் உட்கார்ந்துவிடுங்கள், நாய்கள் காத்திருக்காது." நான் லென்ஸ் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது. ஓடிப் போய்க் கலைமான் தோலின் மேல் பாதி உடம்பை எறிந்து, மீதிப் பாதியை அவர் என் கோட்டைப் பிடித்து இழுத்து ஏற்றினார். லென்ஸ் மூடி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், இந்தப் பதிவே அதற்காகத்தான்.

அலாஸ்காவில் நாய்களை ஜோடி ஜோடியாக, நீண்ட ஒற்றைக் கயிற்றின் இரு பக்கமும் கட்டுவார்கள். அங்கே காடு, பாதை குறுகல், அப்படித்தான் போக முடியும். கிரீன்லாந்தின் இந்தப் பக்கம் மரமே இல்லை. உறைந்த கடல், திறந்த வெளி. அதனால் ஒவ்வொரு நாய்க்கும் தனித் தனிக் கயிறு, எல்லாக் கயிறும் வண்டியின் முன்னால் ஒரே முடிச்சில் வந்து சேரும். விசிறிக் கட்டு. கடல் பனி மெலிந்திருந்தால் எடை பரவலாக விழும். ஒவ்வொரு நாயும் தனக்கு எது நல்ல இடம் என்று பார்த்துக் கால் வைக்கும். ஒன்று விரிசலில் விழுந்தாலும் மற்றவற்றைக் கூடவே இழுத்துக்கொண்டு போகாது. முன்பெல்லாம் தாடிச் சீல் என்ற கடல் விலங்கின் தோலை வாராக அறுத்துக் கயிறாக்கினார்கள், இப்போது நைலான்.

எல்லாம் சரி, ஆனால் நாய்கள் ஓரிடத்தில் ஓடாது. இந்தப் பக்கம் ஓடுகிறது திடீரென்று அந்தப் பக்கம் இருக்கிற நண்பனிடம் போகும், தனக்குப் பிடிக்காததிடமிருந்து விலகும், தலைவன் முறைத்தால் தாண்டிக் குதிக்கும். ஒவ்வொரு தாண்டலுக்கும் கயிறு ஒரு பின்னல் போட்டுக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் பதின்மூன்று கயிறும் சேர்ந்து கை தடிமனுக்கு ஒரு ஜடையாகி, நாய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நிறுத்துவார்.

நான் அந்த நிறுத்தத்தை முதலில் இடைவேளை என்று நினைத்துக்கொண்டேன். பிளாஸ்கைத் திறந்து டீ குடித்தேன், பனிப்பாறையை ஒரு படம் எடுத்தேன். இரண்டாவது நிறுத்தத்தில்தான் திரும்பி அவரைப் பார்த்தேன். சாட்டையின் கைப்பிடியால் பனியை இரண்டு தட்டுத் தட்டினார், நாய்கள் அத்தனையும் படுத்துவிட்டன. (சாட்டை நாயை அடிப்பதற்கு இல்லை. இடப் பக்கம் சொடுக்கினால் வலப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான்.) மண்டியிட்டார். கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். மைனஸ் 22 டிகிரி, வெறுங்கை. ஜடையின் வேர் முடிச்சை அவிழ்த்து, ஒரு கயிற்றை எடுத்து நாலு கயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டுக்கு மேல் வாங்கி, உதறி, பனியில் போட்டார். அடுத்தது. உறைந்துபோன மூத்திரம் ஒரு கயிற்றில் கண்ணாடி மணி மாதிரி ஒட்டியிருந்தது, அதைக் கட்டைவிரல் நகத்தால் உடைத்தார். எந்தக் கயிறு எந்த நாயுடையது என்று ஒரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. நாலைந்து நிமிடம். விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்து, கடைசியில் அந்தக் கையை எடுத்துப் பக்கத்தில் படுத்திருந்த நாயின் வயிற்றுக்கு அடியில் செருகிக்கொண்டார். நாய் அசையவில்லை. அதற்கும் பழக்கம்தான் போல.

என் கேமரா அப்போது கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கவே இல்லை.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பதை எறிகிற கல்லாகத்தான் நம்மில் பாதிப் பேர் வைத்திருக்கிறோம். கல்லில் செதுக்கிய நாயைச் சொன்னது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நாயாகப் பார்க்கிறவனுக்குக் கல் மறைகிறது. எனக்கு நேர்ந்தது அதுதான். ஆயிரம் படத்தில் கயிறு இல்லாத படமே இல்லை, ஆனால் கயிற்றைப் பார்த்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. சொல்லப்போனால் சில படங்களில் கயிறு குறுக்கே வருகிறதே என்று வெட்டிக்கூட எறிந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து கயிற்றைத்தான் துரத்தினேன். உடனே குளிர் என்னைத் துரத்த ஆரம்பித்தது. கைகளை எடுக்க வேண்டும் என்றால் நானும் கையுறையைக் கழற்ற வேண்டும், ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப வேண்டும். அவர் ஐந்து நிமிடம் தாங்குகிறார், எனக்கு ஒரு நிமிடத்தில் விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மெல்லிய உள்ளுறை ஒன்றைப் போட்டு அதற்கு மேல் தடித்த உறை மாட்டிக்கொள்வதுதான் வழி. கேமராவின் உலோகம் மூக்கில் படுகிற இடத்தில் துணி டேப் ஒட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். பேட்டரி முழுதாக ஏற்றியதுதான், இருபது நிமிடத்தில் சிவப்பு விளக்கு. அது தீர்ந்துபோவதில்லை, குளிரில் ஒடுங்கிவிடுகிறது. சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி இரண்டு பேட்டரி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் செத்ததாக நினைத்தது மறுபடி பிழைத்து வரும். வெள்ளைப் பனியைக் கேமரா நம்பாது, சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடுகிற வெளிச்சத்தை, ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். கூட்டி வைத்தபடியே வெள்ளை நாயை எடுத்தால் முடியெல்லாம் வெளிறிப் பனியில் கரைந்துவிடும், அதற்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் கடவுள் விட்ட வழி.

எல்லாவற்றையும் விடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று பண்ணினேன். மூன்றாம் நாள் ஓட்டியின் வீட்டில் காபி குடிக்கக் கூப்பிட்டார்கள். கேமராவைத் தோளில் மாட்டியபடியே சூடான அறைக்குள் நுழைந்தேன். கண்ணெதிரே லென்ஸ் பால் ஊற்றிய மாதிரி வெளுத்தது. வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் ஈரம். பதறிப்போய் மறுபடி வெளியே எடுத்துக்கொண்டு ஓடினேன், அதுதான் இரண்டாவது முட்டாள்தனம், அந்த ஈரம் அப்படியே உறைந்து ஐஸ். அரை நாள் போச்சு. வெளியே இருக்கும்போதே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும், உள்ளே கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மணி நேரமாவது திறக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். படித்தது மூளைக்குப் போயிருந்தது, கைக்குப் போகவில்லை.

ஆனால் அந்த அரை நாள் கேமரா இல்லாமல் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் லாபம். வண்டியை அருகில் வைத்துக் காட்டினார். இரண்டு சறுக்குக் கட்டைகள், குறுக்கே பலகைகள், பின்னால் நிமிர்ந்த இரண்டு கைப்பிடி. ஆணி அடிக்காமல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய வண்டி. ஏன் என்றேன். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி முறுக்கிக் காட்டினார், வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. மேடு பள்ளமான பனியில் விறைப்பான வண்டி உடைந்துவிடும், இது வளைந்து கொடுத்துப் போகும். செங்குத்தான இறக்கம் வந்தால் நாய்களை வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்துவிடுவாராம். அதுவரை இழுத்தவை இப்போது பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும், கூடவே சறுக்குக் கட்டைக்கு அடியில் ஒரு சங்கிலியையும் மாட்டுவார். அங்கேயும் வேலை செய்வது அதே கயிறுதான்.

இதெல்லாம் சுற்றுலாவுக்காக வைத்திருப்பது இல்லை. குளிர்காலத்தில் கடல்கழியின் உறைந்த பனியில் துளை போட்டு, நூற்றுக்கணக்கான தூண்டில் முள் கோத்த நீளக் கயிற்றை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறக்கி ஹாலிபட் மீன் பிடிக்கிறார்கள். மீனைக் கரைக்குக் கொண்டுவருவது நாய் வண்டிதான். நாய்க்கும் அதே மீன், அல்லது சீல் இறைச்சி. தமிழில் சீலுக்குக் கடல்நாய் என்று பெயர். நாய் கடல்நாயைத் தின்றது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். உறைந்த இறைச்சியைக் கோடாலியால் வெட்டித் துண்டு துண்டாக எறிவார், ஒவ்வொரு துண்டும் தரையைத் தொடும் முன்பே காணாமல் போகும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில்கூட எனக்கு அது வெறும் பல்லாகத்தான் வந்தது.

பனியில் கடல்நாய் வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு வெள்ளைத் துணித் திரையைச் சின்னச் சறுக்கில் பொருத்தி, அதற்குப் பின்னால் மறைந்து ஊர்ந்து ஊர்ந்து நெருங்குவார்கள். நாய்களைத் தூரத்திலேயே படுக்க வைத்துவிட்டுத்தான். அவை வாயைத் திறக்கக் கூடாது. அந்தத் திரையை அவர் மடித்து வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து விரித்துக் காட்டியபோது, இதைத்தான் நானும் இத்தனை நாளாகப் பண்ணுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார், நான் என்ன கொண்டுவருகிறேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் வேண்டாம் என்றார். சங்கிலியில் கட்டிய நாயைத் தனியாக, மனிதர் யாரும் இல்லாமல், நெருக்கமாக எடுக்காதே என்றார். மகள் கொஞ்சம் தயங்கித்தான் மொழிபெயர்த்தாள். வருகிறவர்கள் அப்படி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாவம் நாய், கொடுமை என்று எழுதிப் போடுகிறார்களாம். சங்கிலியை விட்டு நாயை அவிழ்த்தால் ஊரில் குழந்தைகள் நடமாட முடியாது என்பது அந்தப் படத்தில் தெரியாது. முந்தின நாள் நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து படுத்திருக்கிறது என்பதும் தெரியாது. நான் முதல் நாள் எடுத்த அந்தக் கறுப்பு நாயின் படத்தை அன்றே அழித்தேன். நல்ல படம்தான், கொஞ்சம் வலித்தது.

வயதாகி இழுக்க முடியாமல் போன நாயை என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். அவரே சுடுவாராம். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாராம். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இருபது முப்பது ஆண்டுகளுக்குள் கிரீன்லாந்தில் இந்த நாய்கள் ஏறத்தாழ பாதியாகிவிட்டன, 2020 வாக்கில் சுமார் 13,000. பனி மோட்டார் வண்டிக்குக் குளிர்காலத்தில் மட்டும் எண்ணெய் ஊற்றினால் போதும், நாய்க்கு வருஷம் முழுக்கச் சோறு போட வேண்டும். கடல் உறைகிற மாதங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. இந்தக் கதைக்கு உலகம் அறிந்த படம் ஒன்று இருக்கிறது. 2019 ஜூன் 13 அன்று, வடமேற்கில் கானாக் ஊருக்கு அருகே உள்ள கடல்கழியில், டென்மார்க் வானிலை ஆய்வு நிறுவனத்தின் ஸ்டெஃபன் ஓல்சன் எடுத்தது. நீல மலை, நீல வானம், நடுவே நாய்கள் கணுக்கால் தண்ணீரில் ஓடுகின்றன, கடல் மேல் நடக்கிற மாதிரி. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பலர் கடலில் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டார்கள். தண்ணீருக்கு அடியில் ஒரு மீட்டருக்கு மேல் தடித்த பனி இருந்தது. மேல்பரப்பு வேகமாக உருகி, வடிவதற்கு விரிசல் இல்லாமல் தேங்கிய தண்ணீர் அது. ஆய்வுக் கருவிகளை மீட்க அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் உள்ளூர் வேட்டைக்காரர்கள். எங்கே மிதித்தால் தாங்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். அந்தப் படத்தை இப்போது மறுபடி எடுத்துப் பாருங்கள், நாய்களிலிருந்து நம் பக்கம் கயிறுகள் நீண்டு வருகின்றன. நான் இலுலிசாட்டிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் அவற்றைப் பார்த்தேன். அதற்கு முன் அந்தப் படத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

அதே மாதிரிதான் ரஸ்முசன் கதையும். ஆர்க்டிக் பயண ஆய்வாளரான குனுட் ரஸ்முசன் இலுலிசாட்டில் 1879-இல் பிறந்தவர், ஐந்தாம் தூலே பயணம் என்று 1921 முதல் 1924 வரை நடந்த பயணத்தில் நாய் வண்டியிலேயே ஹட்சன் விரிகுடாவிலிருந்து அலாஸ்கா வரை போனவர். ஆர்க்டிக் பற்றிப் படிக்கிற எல்லாருக்கும் அவர் பெயர் தெரியும். கூடவே அத்தனை தூரமும் போன அர்னருலுங்குவாக் என்ற பெண்ணையும் காவிகார்சுவாக் என்ற இளைஞரையும் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் குளிரில் துணி தைப்பதும் சமைப்பதும் நாய்க்குத் தீனி பார்ப்பதும் இல்லாமல் பயணம் ஏது.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவைத்தான் பார்க்க வேண்டும். கியூபெக்கின் வடக்கில் நூனவிக் என்ற இனுயிட் பகுதியில் 1950-களின் நடுவிலிருந்து 60-களின் கடைசி வரை, அரசு அதிகாரிகளும் காவலர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டி நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள், கொல்ல வைத்தார்கள். நாய் போனதும் வேட்டை போனது, வேட்டை போனதும் சாப்பாட்டுக்கும் துணிக்கும் கடையை நம்ப வேண்டியதாயிற்று. தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கனடா அரசு இதற்கு மன்னிப்புக் கேட்டது 2024 நவம்பரில்தான். காங்கிக்சுயுவாக் என்ற சிற்றூரில், 4.5 கோடி கனடிய டாலர் இழப்பீட்டு அறிவிப்போடு. அரசின் சார்பில் அந்த மக்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்ட அமைச்சர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் பிறந்த ஹரி ஆனந்தசங்கரி. அந்தச் செய்தியைப் படித்தபோது ஏதோ செய்தது, என்ன என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதே நூனவிக்கில் 2001 முதல் இவாக்காக் என்று ஒரு நாய் வண்டிப் பந்தயம் நடக்கிறது. இனுயிட் நாய்களை மட்டும் கட்டி ஓட்ட வேண்டும். ஜெயிப்பதைவிட ஊருக்கு ஊர் மறுபடி நாய் வளர்க்க வைப்பதுதான் அதன் குறி.

ஆர்க்டிக்கைப் படம் எடுக்கிறவர்களில் எனக்குப் பிடித்தவர் ஐஸ்லாந்தின் ரக்னர் ஆக்செல்சன். 1980-களிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறார், கிரீன்லாந்து வேட்டைக்காரர்களிடம் திரும்பத் திரும்ப. எனக்குக் கிடைத்தது பத்து நாள். பத்து நாளில் நாயின் பெயர்கள்கூட முழுதாகப் பாடமாகவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்தப் படம் கிடைத்தது. மூன்றாவது நிறுத்தம். சூரியன் அவருக்குப் பின்னால் மிகத் தாழ்வாக. மண்டியிட்டு ஜடையைப் பிரிக்கிறார், இரண்டு கையும் வெறுங்கை, விரல்களுக்கு நடுவே கயிறுகள் நாலா பக்கமும் போகின்றன. ஒவ்வொரு கயிற்றின் நாருக்கும் பின்வெளிச்சத்தில் ஒரு பொன் விளிம்பு. நாய்கள் பின்னால் மங்கலாக, யாரும் யாரையும் பார்க்காமல். ஒரே படம். எடுத்ததும் தெரிந்துவிட்டது, இதுதான் என்று.

திரும்பி ஊருக்கு வந்து வண்டியை அவிழ்த்த பிறகு அவரிடம் கேமராத் திரையைக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பெரிதாக்கு என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினார். பெரிதாக்கினேன். கையைக் காட்டுகிறார் என்று நினைத்தேன், அவர் விரல் கைக்குக் கீழே போய் ஒரு கயிற்றில் நின்றது. முடிச்சை ஒட்டிய இடத்தில் அந்தப் பொன் விளிம்பு மற்றதைவிடத் தடிமனாக, பிசிறு பிசிறாக இருந்தது. நான் அதை அழகு என்று எடுத்திருந்தேன். மகளைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார். அவள் போய்ப் புதுக் கயிறு எடுத்து வந்தாள்.